வீட்டில் துக்கம், திடலில் பிள்ளை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டில் சாவு விழுந்தால், அம்மா ஒரு கேள்வி கேட்பார், பயிற்றுநர் ஒன்று கேட்பார், மாமா ஒன்று கேட்பார். பிள்ளை கேட்பது கடைசியில்தான், அதுவும் பாதிக் குரலில். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறோம். 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை நினைத்து எழுதியது இது.

1. அப்பா தவறி அஞ்சு நாள்தான் ஆச்சு. மகன் திடலுக்குப் போகணும்ங்கிறான். ஊர் என்ன சொல்லும்? அனுப்பலாமா?

அவனாகக் கேட்டால் அனுப்புங்கள். துக்க வீட்டில் வருகிறவர்கள் எல்லாரும் அவன் தலையைத் தடவி "இனி நீதான்டா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். திடலில் அவன் பழைய ஆளாகவே இருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் துக்கத்தை அவமதிப்பது ஆகாது. தீட்டுக் காலத்தில் கோயிலுக்கும் நல்ல காரியத்துக்கும் போவதில்லை என்பதுதான் வழக்கம். திடல் இரண்டிலும் சேராது. பெரியவர்கள் விடாப்பிடியாக இருந்தால் இப்படிச் சமாதானம் பேசலாம்: பதினாறு முடியும்வரை போட்டி இல்லை, மாலையில் 45 நிமிடம் மட்டும், வந்ததும் குளித்துவிட்டு விளக்கடிக்கு வருவான்.

கொள்ளி வைத்தவன் பதினாறு நாளும் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அங்கே சண்டை பிடிக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் 20 நிமிடம் கயிறு தாண்டுவதும், வயிறு முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் போதும். அவன் போக விரும்பாவிட்டால் "வா, மனசு மாறும்" என்று இழுத்துப் போகாதீர்கள். அனுப்புவதானால் கூட்டிப் போய்க் கூட்டி வர ஒரு பெரியவர் வேண்டும். தூக்கமில்லாத பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்காதீர்கள், 16 வயதாகி லைசென்ஸ் எடுத்திருந்தாலும்.

2. அவன் அழவே இல்ல. கல்லு மாதிரி நிக்கிறான். ஏதாவது ஆயிடுமோ?

அழாதது நோய் இல்லை. பதின்ம வயதில் துக்கம் பல வேடம் போடும்: தம்பி தங்கையிடம் எரிந்து விழுவது, எதுவுமே உறைக்காதது போல் போனைத் தடவிக்கொண்டிருப்பது, காரணமில்லாத வயிற்று வலி, திடீர்ச் சிரிப்பு. காலையில் அழுதவன் மாலையில் பந்து விளையாடிச் சிரித்தால் அப்பாவை மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. 1999-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இதை விளக்கினார்கள். துக்கப்படுகிறவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய் வருவதுதான் இயல்பு என்றார்கள். பெரியவர்களைவிட வளரும் பிள்ளைகளிடம் இந்த மாற்றம் வேகமாக நடக்கும்.

கவனிக்க வேண்டியது கண்ணீரை அல்ல. சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம், குளியல் இந்த நான்கும் நடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இரண்டு மூன்று ஒன்றாகத் தடைபட்டால் 14-ஆம் கேள்விக்குப் போங்கள்.

3. எத்தனை நாள்ல பழைய மாதிரி ஆவான்?

நாள் குறிக்க முடியாது. ஐந்து படி ஏறினால் துக்கம் முடிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கை நம்பாதீர்கள். அந்த ஐந்து நிலைகள் முதலில் எழுதப்பட்டது சாகப்போகும் நோயாளிகளைப் பற்றி, உறவை இழந்தவர்களைப் பற்றி அல்ல.

நம் ஊரில் ஒன்று மட்டும் நிச்சயமாக நடக்கும். கருமகிரியை வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பதினேழாம் நாள் கூடாரத்தைப் பிரித்து, வாடகை நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனதும் வீடு வெறிச்சோடும். பிள்ளை உடைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், இரண்டாம் மாதத்தில்கூட. பயிற்றுநர்கள் காலண்டரில் குறித்து வைக்க வேண்டிய தேதி அது. சாவு வீட்டுக்கு முழு அணியோடு வந்து நின்றவர்கள் ஆறு வாரம் கழித்து "ஏன்டா இன்னும் டல்லா இருக்க?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

4. பதினாறு நாளும் சைவம்தான். ஓடற புள்ளைக்குப் பத்துமா?

பத்தும், ஆனால் சாம்பாரை நம்பினால் பத்தாது. பயிற்சி செய்யும் பிள்ளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 55 கிலோ பையனுக்கு 75 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டுச் சமையலில் சோறு நிறைய இருக்கும், பருப்பு தண்ணீராக இருக்கும்.

கணக்கு இப்படி: கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கப் (சுமார் 15 கிராம்), தெம்பே எனும் புளிக்கவைத்த சோயாக் கட்டி 100 கிராம் (18), தவ்கூவா எனும் கெட்டி சோயாப் பன்னீர் 100 கிராம் (12), பால் இரண்டு கிளாஸ் (16), வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி (7). மிச்சம் சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். தெம்பே பசாரில் மலிவு, பொரித்து வைத்தால் பசியில்லாதவன்கூட ஒன்றிரண்டு எடுப்பான். சாப்பாடே இறங்காத முதல் நாட்களில் பாலில் கலந்த மைலோவும் வாழைப்பழமும் கொடுங்கள். காலையிலிருந்து வெறும் கோப்பியில் இருந்தவனை அன்று ஓடவிடாதீர்கள். மயங்கி விழுவான்.

5. ரெண்டு வாரம் ஓடலன்னா உழைச்சதெல்லாம் போயிடுமா சார்?

போகாது. முதல் பத்து நாளில் குறைவது பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால்தான் திரும்ப வந்த முதல் நாள் மூச்சு வாங்கும், நாடி வேகமாக அடிக்கும். ஒரு வாரப் பயிற்சியிலேயே அது பெரும்பாலும் திரும்பிவிடும். தசை பலம் மூன்று வாரம்வரை பெரிதாகக் குறையாது. "எல்லாம் போச்சு" என்று அவன் சொல்வது கால் பலத்தைப் பற்றி மட்டுமல்ல என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி: முதல் வாரம் மூன்று நாள், வழக்கமான தூரத்தில் பாதி, பேசிக்கொண்டே ஓடும் வேகம். இரண்டாம் வாரம் முக்கால் பங்கு, அதில் ஒரு நாள் மட்டும் 80 மீட்டர் ஆறு முறை, முழு வேகத்தில் எழுபது எண்பது விழுக்காடு. மூன்றாம் வாரம் முழுத் தூரம், கடைசி இரண்டு நாளில் முழு வேகம். இங்கே நடக்கும் பெரிய தவறு, வந்த அன்றே நண்பர்களோடு 100 மீட்டர் போட்டி போட்டுப் பார்ப்பது. தொடையின் பின்தசை முழு வேகத்தில் நீண்டு இழுபடும். இரண்டு வாரம் அந்த இழுவையைக் காணாத தசை கிழியும். பிறகு ஆறு வாரம் உட்கார வேண்டும். துக்கத்தில் இருப்பவனை ஆறு வாரம் சும்மா உட்கார வைப்பதைவிட மோசமானது எதுவுமில்லை.

6. ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கேன். காலையில பயிற்சிக்குப் போகணுமா?

போக வேண்டாம், மாலைக்கு மாற்றிக் கேள். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்கிய நாளில் வேகப் பயிற்சியும் எடை தூக்குவதும் இல்லை, மெது ஓட்டம் மட்டும். காரணம் வெறும் களைப்பு இல்லை. மன அழுத்தத்தில் இருப்பவரின் தசை இறுகியிருக்கும், கண்ணின் ஓரப் பார்வை சுருங்கும், பக்கத்திலிருந்து வருபவனைப் பார்க்கத் தாமதமாகும். கால்பந்திலும் ஹாக்கியிலும் அடிபடுவது அப்படித்தான்.

இரவுக்கு: துக்க வீட்டில் சுற்றும் கோப்பியை மாலை நான்குக்குப் பிறகு தொடாதே. பகல் தூக்கம் 30 நிமிடம், அதுவும் மூன்று மணிக்குள். தூக்கம் வராமல் 20 நிமிடம் புரண்டால் எழுந்து கூடத்துக்குப் போய் உட்கார், கண் சொருகும்போது திரும்பு. கூடத்தில் சொந்தக்காரர்கள் வரிசையாகப் படுத்திருக்கும் நாட்களில் பக்கத்து வீட்டு நண்பனிடம் ஓர் இரவு தங்குவதும் தப்பில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ.

7. திடல்ல நடுவுலயே அழுக வந்துருச்சு. எல்லாரும் பாத்தாங்க. இனிமே போகவே கூச்சமா இருக்கு.

இதற்கு முன்னேற்பாடு ஒன்று போதும். பயிற்றுநரோடு ஒரு சைகை பேசி வை. தொப்பியைக் கழற்றுவது, ஷூ நாடாவைக் கட்டப் போவது, எதுவானாலும் சரி. அந்தச் சைகை காட்டினால் அவர் கேள்வி கேட்காமல் உன்னை விட வேண்டும். ஓரமாக நட, முட்டியில் கை ஊன்று, நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, பத்து முறை. வெளிவிடுவது நீளமாக இருந்தால்தான் நாடி இறங்கும். தண்ணீர் குடி. பிறகு மூன்றில் ஒன்று: திரும்பச் சேரலாம், ஓரத்தில் மெதுவாக ஓடலாம், வீட்டுக்குப் போகலாம். எதைச் செய்தாலும் மறுநாள் வா. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கூச்சம் இரட்டிப்பாகும்.

ஒரு எச்சரிக்கை. அழுகையோடு வரும் நெஞ்சடைப்பு மூச்சைச் சரிசெய்ததும் இறங்கும். ஓடும்போதே நெஞ்சு வலிப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுவது இரண்டும் துக்கக் கணக்கில் சேராது. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அடுத்த கேள்வியையும் படி.

8. என் வீட்டுக்காரர் 43 வயசுலயே ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். மகனும் ஓட்டக்காரன். பயமா இருக்கு.

இந்தப் பயம் வீண் பயமில்லை, பரிசோதனையால் தீர்க்கக்கூடிய பயம். ஊரில் திடீர்ச் சாவு எல்லாவற்றையும் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்வார்கள். உள்ளே இரண்டு வகை உண்டு. ஒன்று, இரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரை, புகை, கொழுப்பு சேர்ந்து பல வருடத்தில் வருவது, 16 வயதுப் பையனை உடனே தாக்காது. ஆனால் கொழுப்பு மிக அதிகமாக இருப்பது பரம்பரையாகவும் வரும் என்பதால் அவனுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை வேண்டும். இன்னொன்று, இதயத் தசை தடிப்பது அல்லது துடிப்பின் மின்னோட்டம் கோளாறாவது. இவற்றில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். தசை தடிக்கும் நோயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. கடும் பயிற்சியின் நடுவே திடீரென்று உயிர் பறிப்பது இந்த வகைதான்.

செய்ய வேண்டியது: மருத்துவமனை கொடுத்த இறப்புக் காரணத் தாளை எடுத்துக்கொண்டு மகனோடு அரசு கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). "இரத்த உறவில் 50 வயதுக்குள் திடீர் இதய மரணம், பையன் போட்டி ஓட்டக்காரன்" என்ற வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். ஈசிஜி எடுப்பார்கள், தேவைப்பட்டால் எக்கோ ஸ்கேனுக்கு ஈப்போவுக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை மெது ஓட்டத்தைக்கூட நிறுத்தி வையுங்கள். நடக்கலாம், திடலில் நேரம் குறிக்கலாம், தம்பிமார்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அணியோடு இருப்பது நிற்கக்கூடாது.

9. நான் கோச். அவன்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல.

அதிகம் பேச வேண்டாம். "அப்பா விஷயம் கேட்டேன்பா. ரொம்ப வருத்தமா இருக்கு. நீ வரும்போது வா, உன் இடம் இருக்கு." இது போதும். இறந்தவரின் பெயரையோ உறவையோ சொல்லிப் பேசுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். "அழாதே", "ஆம்பளப் புள்ள", "கடவுள் எடுத்துக்கிட்டார்", "நீதான் இனி அம்மாவுக்கு எல்லாம்" இவை நான்கும் வேண்டாம். கடைசியது நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவது, ஆனால் 15 வயதுத் தோளில் ஒரு குடும்பத்தையே ஏற்றி வைக்கிறது.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. "செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கு நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்பாவே மோட்டாரில் கொண்டுவந்து விட்டவராக இருந்தால், முதலில் அறுபடுவது அந்தப் பயணம்தான். தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் இல்லாத பிள்ளை துக்கத்தால் பயிற்சியை விட்டதாக நாம் நினைப்போம். உண்மையில் அவனுக்கு வண்டி இல்லை. அணியில் ஒருவரை வைத்து முதல் மாதத்துக்கு ஒரு முறைப் பட்டியல் போடுங்கள்.

10. தலை மொட்டை போட்டிருக்கான், பசங்க கிண்டல் பண்ணுவாங்களே?

விவரம் தெரியாத மற்ற இனப் பிள்ளைகள் கேட்பார்கள், தப்பாக எடுக்க வேண்டாம். அவன் வருமுன் பயிற்றுநர் அணியிடம் இரண்டு வரி சொல்லிவிட வேண்டும்: அப்பா இறந்துவிட்டார், மொட்டை எங்கள் சடங்கு. வெயிலுக்குத் தொப்பி கட்டாயம், புதிதாகச் சிரைத்த தோல் அரை மணி நேரத்தில் எரிந்துவிடும்.

11. அம்மா போனதுல இருந்து சமையல், தம்பிங்க எல்லாம் மகள் கையில. ஹாக்கிய நிறுத்திட்டா நல்லதுன்னு பாட்டி சொல்றாங்க.

பாட்டி கெட்டவர் இல்லை, வீடு நடக்க வேண்டுமே என்ற கவலைதான் பேசுகிறது. ஆனால் இதே வீட்டில் மகன் ஓட்டக்காரனாக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அம்மாவை இழந்த பெண் பிள்ளையிடமிருந்து அணியையும் எடுத்தால் அவள் ஒரே மாதத்தில் இரண்டு வீட்டை இழக்கிறாள்.

உணர்ச்சியாகப் பேசாமல் ஒரு தாளில் வேலையைப் பிரித்து எழுதுங்கள். காலைச் சமையல், மாலைச் சமையல், துணி, தம்பிகளின் பள்ளிக்கூட பஸ், வீட்டுப்பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அப்பா பெயரும் 12 வயதுத் தம்பி பெயரும் கட்டாயம் வர வேண்டும். 12 வயதுக்கு அரிசி களையவும் துணி காயப்போடவும் தெரியும். பயிற்சி நாட்கள் வாரத்தில் இரண்டோ மூன்றோதான். அந்த மாலைகளுக்கு மட்டும் சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, கடைச் சாப்பாடோ. முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டு பயிற்சி என்று பயிற்றுநரிடம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம், பெயரை எடுக்க வேண்டாம். பாட்டிக்குச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது: அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் 100-க்கு 10 புறப்பாட நடவடிக்கைக்குப் போகிறது.

12. கருமகிரியை அன்னிக்கே மாநிலப் போட்டி. எதை விடறது?

முதலில் நேரத்தைப் பாருங்கள், பிறகு மனத்தைப் பாருங்கள். சடங்கு பெரும்பாலும் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடியும். ஓட்டம் எத்தனை மணிக்கு, தகுதிச் சுற்று முந்தைய நாளா என்று அட்டவணையில் பாருங்கள். ஈப்போவில் என்றால் முப்பது கிலோமீட்டர்தான், இரண்டும் முடியலாம். ஐயரிடமோ பண்டாரத்திடமோ நேரத்தை முன்னே தள்ள முடியுமா என்று கேட்பதில் குற்றமில்லை. வெளியூர்ச் சொந்தங்களின் வசதிக்காக நாளையே மாற்றும் குடும்பங்கள் உண்டு, பிள்ளைக்காக இரண்டு மணி நேரத்தை மாற்றக்கூடாதா?

நேரம் ஒத்து வரவே இல்லையென்றால், அவன் சடங்கில் யார் என்பதைப் பாருங்கள். அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்கு இளைய மகன் காரியம் செய்கிறவர்கள். அவர்கள் இல்லாமல் நடக்காது. மற்றப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. போட்டிப் பக்கம், 15 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவனுக்கு இது கடைசி வருடமா, அடுத்த வருடமும் இருக்கிறதா? தொடர் ஓட்டம் என்றால் மாற்று ஓட்டக்காரர் பெயர் கொடுத்தாயிற்றா? இதையெல்லாம் அவன் முன்னால் வைத்து, "அடுத்த வருஷம் இதே நாள்ல எதை விட்டதுக்கு வருத்தப்படுவ?" என்று கேட்டுவிட்டு, ஒரு இரவு அவகாசம் கொடுங்கள். எது சொன்னாலும் அதுதான் முடிவு, மறுநாள் யாரும் அதைக் கிளறக்கூடாது. போகவில்லையென்றால் பயிற்றுநர் போட்டிக்கு முன்பே தேர்வுக் குழுவுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பட்டியல் போனபின் கேட்டுப் பயனில்லை.

13. விராட் கோலி அப்பா செத்த அன்னிக்கே ஆடினாரு. இவனுக்கு மட்டும் என்ன?

நடந்தது உண்மை. 2006 டிசம்பரில் டெல்லிக்கும் கர்நாடகாவுக்கும் ரஞ்சி ஆட்டம். முந்தைய நாள் மாலை கோலி 40 ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நின்றார், அதிகாலையில் அவர் அப்பா இறந்தார். கோலி போய் ஆடி 90 எடுத்துவிட்டு, பிறகு இறுதிச் சடங்குக்குப் போனார். ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். அவருக்கு அப்போது 18 வயது, முடிவு அவருடையது. யாரும் அவரை இன்னொருவரைக் காட்டி அனுப்பவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1999 உலகக் கிண்ணத்தின்போது அப்பா இறந்ததும் சச்சின் தெண்டுல்கர் ஊருக்குப் பறந்தார், ஜிம்பாப்வே ஆட்டத்தை விட்டார், காரியம் முடித்துத் திரும்பி பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக 140 எடுத்தார். ஒருவர் இருந்து ஆடினார், ஒருவர் விட்டுப் போய் வந்து ஆடினார். இருவருமே நல்ல பிள்ளைகள்தான். இந்தக் கதைகளைச் சாட்டையாக வீசாதீர்கள்.

14. கவுன்செலர்கிட்ட அனுப்பினா "தஞ்சோங் ரம்புத்தான் கேசு"ன்னு பேரு வச்சிருவாங்களே?

1911-இலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் பேராக்கில் இந்தக் கிண்டலைக் கேட்காமல் வளர்ந்தவர் இல்லை. பள்ளிக் கவுன்செலர் அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடைநிலைப்பள்ளியில் இருக்கும் ஆலோசக ஆசிரியர் பாடத் தேர்வு முதல் வீட்டுத் துக்கம் வரை எல்லாம் பேசுகிறவர். எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதிச் சோதனை வருடத்தில் விடுப்பையும் விட்டுப்போன பாடங்களையும் சரிக்கட்டித் தருவதும் அவர்தான். "எஸ்.பி.எம். விஷயமா பேசப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு போகலாம், பொய்யும் இல்லை.

எப்போது கட்டாயம்? 2-ஆம் பதிலில் சொன்ன நான்கில் இரண்டு மூன்று இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்தால், அல்லது ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏக்கம் நாள் முழுக்க அவனை முடக்கிப் போட்டால். பதின்ம வயதினரிடம் நீடித்த துக்கக் கோளாறுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம். கவுன்செலரோடு ஒத்துப்போகாவிட்டால் அரசு கிளினிக்கில் கேளுங்கள், அங்கிருந்து மேலே அனுப்புவார்கள்.

15. அப்பாவுக்காக ஜெயிக்கணும்னு ராத்திரி பகலா ஓடறான். பாராட்டறதா, தடுக்கறதா?

காணிக்கை செய்வது நல்லதுதான். ஆனால் "ஜெயித்தால் அப்பாவுக்கு" என்றால் தோற்றால் என்ன ஆகும்? எட்டாவதாக வந்த பிள்ளை அப்பாவை இரண்டாம் முறை சாகவிட்டதுபோல் உடைந்துபோவான். பதக்கத்தை வைக்காமல் ஓட்டத்தை வைக்கச் சொல்லுங்கள். தொடக்கக் கோட்டில் அப்பாவை ஒரு நொடி நினைத்துக்கொள்வது, முடிந்ததும் படத்துக்கு முன் ஓட்ட எண் அட்டையை வைப்பது. எந்த இடம் வந்தாலும் இது நடக்கும்.

அளவு மீறுகிறதா என்று எண்ணால் பாருங்கள். பயிற்சி நிமிடத்தை, அது எவ்வளவு கடினம் என்று அவன் பத்துக்குத் தரும் எண்ணால் பெருக்குங்கள். 60 நிமிடம், கடினம் 6 என்றால் 360. வாரக் கூட்டுத்தொகை முந்தைய வாரத்தைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறக்கூடாது. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை ஒரு நிமிடம் எண்ணட்டும். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்தால் இரண்டு நாள் ஓய்வு. துக்கத்தில் இருப்பவன் கடினத்தை எப்போதும் குறைத்தே சொல்வான். வலி அவனுக்கு அப்போது இதமாகக்கூட இருக்கும். அதனால் நாடியையே நம்புங்கள்.

16. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஊக்கமருந்து சோதனையில மாட்டுவேனா?

தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை தடைப் பட்டியலில் இல்லை. கவனிக்க வேண்டியவை வேறு. படபடப்புக்குக் கொடுக்கும் புரோபிரனோலோல், வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்றவற்றில் தடை, ஓட்டத்தில் இல்லை. வலிக்குக் கொடுக்கும் டிராமடோல் 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. டாக்டர் வாய்வழி கொடுக்கும் குளுகோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டும் போட்டிக் காலத்தில் தடை. மாத்திரைப் பெயரைப் பயிற்றுநரிடம் காட்டி, மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸிடம் கேட்டுவிடுங்கள். சோதனைக்குப் பயந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. பாட்டி மாத்திரையில் பாதி உடைத்துப் போடுவதும், சாவு வீட்டுப் பின்பக்கம் ஊற்றும் சம்சு சாராயமும் தூக்கத்துக்கு வழி இல்லை.

17. அண்ணன் தானா உயிரை மாய்ச்சுக்கிட்டான். தம்பிகிட்ட ஆக்சிடெண்ட்னு சொல்லி வச்சிருக்கோம். அவன் அணியில எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் அவனுக்கும் தெரியும், அல்லது இந்த வாரத்தில் தெரிந்துவிடும். யாரோ ஒருவன் வாயிலிருந்து கேட்பதைவிட உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும். விதம் விவரம் வேண்டாம். "அண்ணன் விபத்துல சாகல. அவனே உயிரை எடுத்துக்கிட்டான். அவன் மனசு ரொம்ப நோயாயிருந்துச்சு. நீ செஞ்சது எதுவும் காரணமில்ல." கடைசி வரியை இன்னும் பல நாள் சொல்ல வேண்டியிருக்கும். அவன் மனத்தில் ஓடுவது கடைசியாகப் போட்ட சண்டை.

பிறகு நேராகக் கேளுங்கள்: "உனக்கும் செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு, கேட்பதால் பாரம் இறங்கும். ஆமாம் என்றால், வழி யோசித்திருந்தால், உடைமைகளைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தால், தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், தோட்டத்து வீடுகளில் இது முதல் வேலை. உடனே மருத்துவமனை, அல்லது 999. பேசுவதற்கு: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் 15555, தாலியான் காசே 15999. போலீஸ் பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

18. சம்பாதிச்சவர் போயிட்டார். ஷூ, ஜெர்சி, பயணச் செலவுக்கு எங்க போறது?

முதலில் பெர்கேசோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் அலுவலகம். சந்தா கட்டியவராக இருந்து நிபந்தனைகள் பொருந்தினால் வாரிசு ஓய்வூதியம் உண்டு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு 21 வயதுவரை அல்லது முதல் பட்டம் முடிக்கும்வரை. வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ நடந்த விபத்து வேலை விபத்தாகவே கணக்காகும். மோட்டார் விபத்தில் போனவர் வீடுகளில் இதைத் தவற விடுகிறார்கள். போலீஸ் அறிக்கையில் "எங்கிருந்து எங்கே" என்பது சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இது கைக்கு வரும்வரை பள்ளி அணி ஷூவைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளட்டும், திடலில் எல்லார் முன்னும் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம்.

19. வருஷம் ஒண்ணாகப் போகுது. நல்லாத்தான் இருந்தான், இப்ப மறுபடி மோசமா இருக்கு.

தலைத் திவசம் நெருங்குகிறது, அல்லது போன வருடம் அப்பா வந்து பார்த்த அதே போட்டி வருகிறது. இது பின்னடைவு இல்லை. 3-ஆம் பதிலில் சொன்ன காலண்டரில் திவசம், பிறந்தநாள், முதல் தீபாவளி, விளையாட்டு விழா நான்கையும் குறியுங்கள். அந்த வாரங்களில் 5-ஆம் பதிலின் இரண்டாம் வாரம் அளவுக்குப் பயிற்சியை இறக்குங்கள். போட்டி நாளில் பார்வையாளர் பக்கத்தில் அப்பா நிற்கும் இடத்தில் யாராவது நிற்கட்டும், யார் என்பதை அவனே சொல்லட்டும்.

20. அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்பைக்ஸ் கிழிஞ்சுபோச்சு. கால்ல கடிக்குது. மாத்த மாட்டேங்கிறான்.

கட்டாயப்படுத்தி வீசாதீர்கள், ஆனால் அதில் ஓடவும் விடாதீர்கள். விரல் முட்டும் ஷூவில் நகம் கறுக்கும், அடித்தட்டு பிளந்தால் கணுக்கால் புரளும். பழையதன் நாடாவைக் கழற்றிப் புது ஷூவில் கோக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நாடா இற்றுப்போயிருந்தால் ஆணிகளைத் திருகி எடுத்துப் புதியதில் மாட்டலாம், அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. பழைய ஷூவைக் கழுவி நிழலில் காயவைத்து, உள்ளே நாளிதழ்த் தாளைத் திணித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் கழன்று வந்துவிடும். தாளை மாதம் ஒருமுறை மாற்றுவது அவன் வேலை.